பூட்டுப் போட்ட இத்தா

இத்தா என்றால் என்ன என்று எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். யாரும் வாயைத் திறந்து பதில் சொல்ல மாட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்துக் கதவு சாத்துவதுபோலக் காட்டுவார்கள். புருஷன் மௌத்தானால், அதாவது இறந்துபோனால், பெண்டாட்டி நாலு மாதம் பத்து நாள் உள்ளே கிடக்க வேண்டும், அவ்வளவுதான். அன்னிய ஆண் கண்ணில் படக்கூடாது. வெள்ளையைத் தவிர வேறு உடுத்தக்கூடாது. பூ, அத்தர், கண்ணாடி எதுவும் ஆகாது. இதில் எது மார்க்கம் சொன்னது, எது தெரு தானாகச் சேர்த்துக்கொண்டது என்று முப்பத்து நாலு வயதுவரை நான் கேட்டதே இல்லை. அந்தக் கோபம் எனக்கு என்மேலேயே உண்டு.

என் பெயர் ஃபாயிஸா. தென்காசிக்காரி. என்னை இத்தாவில் வைத்த அறைக்கு வெளியே ஒரு பூட்டுத் தொங்கியது. அதைப் பூட்டியவன் என் புருஷனைக் கொன்றவன்.

என் புருஷன் பரீதை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். பதினொரு வருஷம் ஷார்ஜாவில் லாரி ஓட்டிவிட்டுப் போதும் என்று திரும்பி வந்தவர். சீசனுக்குக் குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியில் பழக்கடை போட்டார். மங்குஸ்தான், ரம்புட்டான், நெல்லிக்காய். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் பழவாசனை அடிக்கும். பிள்ளை இல்லை என்று சொந்தக்காரர்கள் ஜாடை பேசினால், "எனக்கு இவ ஒருத்தியே பிள்ள மாதிரிதான், போங்க" என்று வாயை அடைத்துவிடுவார். நல்ல மனுஷன். என் புருஷன் என்பதால் சொல்லவில்லை.

ஒரே வீட்டில்தான் இரண்டு குடும்பமும். முன்பாதியில் அவருடைய அண்ணன் மூசாவும் அவன் பெண்டாட்டி மிஸ்ரியாவும், பின்பாதியில் நாங்கள். அவளை ராத்தா, அதாவது அக்கா, என்பேன்; அப்போதெல்லாம் அவனைப் பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். இப்போது வெறும் மூசா, அதற்குமேல் வாயில் வரவில்லை. மூசாவுக்குத் தேங்காய் வியாபாரம். முற்றத்தில் குவித்துப்போட்டு உரித்து, செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு ஏற்றுவான். உரிப்பதற்கு நாலடி நீளத்தில் கூரான இரும்புப் பாரை வைத்திருந்தான். மிஸ்ரியா ராத்தாவை அடிப்பதற்குக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்வான். வாரம் ஒரு நாளாவது அந்தச் சத்தம் எங்கள் பக்கம் கேட்கும். கேட்டும் கேளாததுமாக இருப்போம். குடும்பத்து மானம் என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தோம்.

அன்றைக்குச் சாயந்திரம் அஸர் தொழுகை முடிந்த நேரம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குழம்பில் உப்பு ஏறிப்போச்சு என்று மூசா ராத்தாவை முற்றத்துக்கு இழுத்துவந்து தென்னமட்டையால் அடித்தான். அவள் முதலில் கத்தினாள், பிறகு கத்தவும் இல்லை. கடையை அன்றைக்குச் சீக்கிரம் கட்டிவிட்டு வந்த பரீது மச்சானுக்குப் பொறுக்கவில்லை, ஓடிப்போய் மட்டையைப் பிடித்தார்.

"அண்ணே, விடு. செத்துருவா."

"எம் பொண்டாட்டிய நான் அடிக்கேன். நீ யாருலே கேக்கதுக்கு?"

மச்சான் அவனோடு மல்லுக்கு நிற்கவில்லை. திரும்பிக் குனிந்து ராத்தாவைத் தூக்கப்போனார். மூசா சுவரில் சாத்தியிருந்த பாரையை எடுத்துப் பிடரியில் போட்டான். இளநீர் சீவுகிற சத்தம்தான் கேட்டது. மச்சான் முகங்குப்புற விழுந்தார். கை மட்டும் எதையோ தேடுவதுபோலத் தரையைத் தடவியது. மூசா இன்னொரு தடவையும் ஓங்கிப் போட்டான். அந்த இரண்டாவது அடிக்கு என்ன காரணம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அரிசி களைந்த சட்டியோடு பின்வாசலில் நான் நின்றேன். சாரல் தண்ணீரோடு சேர்ந்து ரத்தம் என் காலடிவரை வந்தது.

மூசா பாரையைக் கழுவி ஓரமாக வைத்தான். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "மாடிப்படியில பாசி. வழுக்கி விழுந்துட்டான். கேட்டுச்சா?" என்றான். பிறகு தெருவாசலுக்குப் போய், "யா அல்லா, எந் தம்பி!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். தெருவே கூடி அவனைத் தாங்கிப் பிடித்தது.

எனக்கு நினைவு தப்பிவிட்டது. கண் விழித்தபோது நாலைந்து பெண்கள் என்னை வெள்ளைக்கு மாற்றியிருந்தார்கள். மூசாவுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் வழுக்கி விழுந்து இறந்ததாகச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குள் மையித்தை அடக்கிவிட்டார்கள். "வழுக்கி விழல, அவங்க அண்ணந்தான் அடிச்சாரு" என்று நான் சொல்லத்தான் செய்தேன். பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி என் வாயைப் பொத்தினாள். "இத்தாவுல இருக்கவ சத்தம் வெளிய கேக்கக்கூடாதும்மா. பாவம், புள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள்.

பின்கட்டு அறையில் என்னை உட்காரவைத்தார்கள். ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டினார்கள். வாசலில் வெள்ளைத் திரை. செல்போனை மூசா வாங்கி வைத்துக்கொண்டான். அத்தாவும் அம்மாவும் இல்லாதவள் நான். ஒரே தம்பி கத்தாரில். அவனிடம், "அக்கா இத்தாவுல இருக்கா, ஆம்பளைங்க கூடப் பேசக்கூடாது" என்று மூசா சொல்லியிருக்கிறான். கூடப்பிறந்த தம்பிகூடப் பேசத் தடை இல்லை என்பது தம்பிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் மூசா திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"நடந்தது நடந்துபோச்சு. பார்த்தத மறந்துரு. கடைசிவரைக்கும் உனக்கு ஒரு குறையும் வராது."

"நான் மறக்க மாட்டேன். இத்தா முடிஞ்சதும் போலீசுக்குப் போவேன்" என்றேன்.

எவ்வளவு பெரிய மண்டூகம் பாருங்கள். இத்தா முடிந்ததும் போவேனாம்! திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தான். அன்னிய ஆண் என்னைப் பார்க்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய அதே ஆள், என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். முன்பற்கள் இரண்டு உடைந்து வாய்க்குள்ளேயே விழுந்தன. துப்பக்கூட விடாமல் வாயைப் பொத்தினான், ஒரு பல்லை விழுங்கிவிட்டேன். அன்றைக்குப் போட்டதுதான் அந்தப் பூட்டு. யாராவது கேட்டால், "எங்க குடும்பத்துல இத்தான்னா இத்தாதான். சும்மா பேருக்கு இருக்கதில்ல" என்பானாம். ஊரும் அவனை மெச்சிக்கொண்டது.

ராத்தாதான் மூன்று வேளையும் பூட்டைத் திறந்து தட்டை வைத்துவிட்டுப் போவாள். கன்னம் வீங்கியிருக்கும். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவளுக்காகச் செத்தவரின் பெண்டாட்டி நான் என்பது இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. நானும் பேசவில்லை. அவள்மேல் எனக்கு இருந்த வெறுப்பு மூசாமேல் இருந்ததைவிடக் கொஞ்சமும் குறைவில்லை.

வியாழக்கிழமை தோறும் ஜன்னத் வருவாள். பெண்கள் மதரசாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமா, இருபத்து நாலு வயதுதான் இருக்கும். குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிவிட்டுப் போவாள். அவளைத் தடுத்தால் ஊர் பேசும் என்று மூசா விட்டுவைத்திருந்தான். ஆனால் ராத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவன் கட்டளை. உடைந்த பல் தெரியாதபடி முக்காட்டால் வாயை மூடியே உட்கார்ந்திருப்பேன். ஐந்தாவது வியாழன், ஓதி முடித்ததும் முக்காடு விலக, ஜன்னத் என் வாயையே பார்த்தாள்.

"பல்லு என்னாச்சு ராத்தா?"

"விழுந்துட்டேன்" என்றேன்.

"கதவுல ரெண்டு மூணு வாரமா பூட்டு தொங்குதே, அது எதுக்கு?"

மிஸ்ரியா ராத்தா முந்திக்கொண்டு, "பூன வருது" என்றாள்.

ஜன்னத் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். உடைத்துச் சொன்னால் ராத்தா போய்ச் சொல்லிவிடுவாள். அதனால் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டேன். "ஆலிமா, இத்தான்னா என்ன அர்த்தம்? அடைச்சு வைக்கதுதானே?"

"யாரு சொன்னா? அது அரபுச் சொல்லு. எண்ணிக்கைன்னு அர்த்தம். எண்ணுறதுங்கிற வேர்ச்சொல்லுல இருந்து வந்தது. நாள எண்ணுறதுதான் இத்தா. நம்ம ஆளுங்க எண்ணுறத விட்டுட்டாங்க, கதவ மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க."

"அப்போ வெளிய போலாமா?"

"தேவை இருந்தா பகல்ல போலாம். ஆஸ்பத்திரி, வேல, வழக்கு, சாட்சி எல்லாத்துக்கும் போலாம். ராத்திரி அந்த வீட்டுல வந்து தங்கணும். உசுருக்கு ஆபத்துன்னா வீட்டையே மாத்திக்கலாம்." சொல்லிவிட்டு ராத்தா பக்கம் திரும்பி, "வெளியில பூட்டுப் போடச் சொல்லி எந்தக் கிதாபுலயும் இல்ல" என்றாள். அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது, என்னவென்றுதான் தெரியவில்லை.

அவள் போனபிறகுதான் யோசித்துப் பார்த்தேன். பூட்டுக்கு மட்டும் பயந்து நான் அங்கே கிடக்கவில்லை. வாசலைத் தாண்டினால் பரீது மச்சானுக்குச் செய்கிற துரோகம் என்று எனக்கே ஒரு நினைப்பு. அவருக்காக நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்று நம்பினேன். ஐந்து வாரம் மூசாவுக்குக் காவல் வேலை பார்த்தது அந்த நினைப்புதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் தட்டை வைத்த ராத்தா, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, முதல்தடவையாக வாயைத் திறந்தாள். "நாளைக்கு மஸ்கட்டுக்குப் போறாவ. திருவனந்தபுரத்துல பிளேனு. அவிய போனதும் பூட்ட எடுத்துருதேன். ஒரு நாள் பொறுத்துக்கட்டி."

நாளைக்கு அவன் போய்விடுவான். நான் எண்ணி முடித்து வெளியே வரும்போது இங்கே யாரைப் பிடித்துக் கொடுப்பது?

மதியம் ஆண்கள் எல்லாம் ஜும்மா தொழுகைக்குப் போனதும் இரும்புக் கட்டிலைப் புரட்டிப்போட்டு ஒரு காலைத் திருகிக் கழற்றினேன். விரல் நகம் பிய்ந்தது. பள்ளிவாசல் ஸ்பீக்கரில் குத்பா பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. கதவை அடித்தேன். வெளியே ராத்தா, "வேண்டாம்ட்டி, அவிய வந்தா கொன்னுருவாவ, ரெண்டு பேரையும் கொன்னுருவாவ" என்று அழுதாள். நான் நிறுத்தவில்லை. கதவு பழைய பலா மரம். நாதாங்கி இருந்த இடம் பிளக்கவே வெகுநேரம் ஆனது. தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த சத்தம் கேட்ட பிறகுதான் பலகை பெயர்ந்தது.

முற்றத்துக்கு வந்தால் மூசா நிற்கிறான். தொப்பிகூடக் கழற்றவில்லை.

பாய்ந்து வந்து கழுத்தைப் பிடித்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையில் இருந்த கட்டில்காலைக் கண்மண் தெரியாமல் வீசினேன். அவன் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது. இன்னொரு அடி முழங்காலில் போட்டேன். உட்கார்ந்துவிட்டான்.

"ஏட்டி மிஸ்ரியா, அந்தப் பாரைய எடுத்துட்டு வா" என்று அலறினான்.

ராத்தா ஓடிப்போய்ப் பாரையை எடுத்தாள். நான் செத்தேன் என்று நினைத்தேன். அவள் எங்கள் பக்கமே வரவில்லை. பாரையோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள்.

நான் தெருவுக்கு ஓடினேன். ஜும்மா விட்டு ஆண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். வெறுங்கால், சரிந்த முக்காடு, வெள்ளையெல்லாம் ரத்தம். "என் மச்சான் வழுக்கி விழல. மூசாதான் பாரையால அடிச்சுக் கொன்னான். என்னையும் கொல்ல வாறான், காப்பாத்துங்க" என்று கத்தினேன்.

அத்தனை ஆண்களும் என்னைப் பார்த்தார்கள். இத்தாவில் இருக்கிற பெண் என்பது உறைத்ததும் ஒருத்தர் பாக்கியில்லாமல் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். எனக்குக் கொடுத்த மரியாதை அது. சத்தியமாக அவர்கள் மனதில் வேறொன்றும் இல்லை. "உள்ள போம்மா, உள்ள போ" என்று ஒருவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். நாற்பது ஐம்பது முதுகுகள். அந்த முதுகுகளுக்கு நடுவிலேயே மூசா நொண்டிக்கொண்டு வந்து, முறியாத இடது கையால் என் தோளைப் பிடித்து இழுத்தான். கையைக் கடித்தேன். விடவில்லை. என்னை அவன் தரையோடு இழுத்துப்போகிற சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது, யாரும் திரும்பவில்லை.

தெருமுக்கில் சவாரி இறக்கிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் ஒருவர் ஓடிவந்தார். அவர் பெயர் விஜய்பாண்டி என்று பிறகு தெரிந்தது. அவருக்கு இத்தாவும் தெரியாது, ஒன்றும் தெரியாது. "ஏலே, பொம்பளைய ஏம்லே இழுக்க?" என்று மூசாவின் நெஞ்சில் ஒரு மிதி மிதித்தார். என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷன்.

அங்கே எஸ்.ஐ. மங்களேஸ்வரி முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். திருவனந்தபுரத்தில் பிளேன் என்றதும் செங்கோட்டை ரோட்டுக்கு ஆள் அனுப்பினார். மூன்று மணிக்கெல்லாம் புளியரை செக்போஸ்ட்டில் ஒரு காரை மறித்து மூசாவைப் பிடித்துவிட்டார்கள்.

"தாசில்தார் முன்னால தோண்டிப் பார்க்கணும்மா. சம்மதமா?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

மச்சான் கிடக்கிற கபுரைத் தோண்டுவது. "தோண்டுங்க" என்றேன்.

"மண்ட உடைஞ்சது தெரியும். ஆனா படியில விழுந்தாலும் உடையும்னு அவன் வக்கீல் சொல்லுவான். உங்களுக்குப் புத்தி சரியில்லன்னு ஊரே சொல்லும்போல இருக்கு. உங்களத் தவிரப் பார்த்தவங்க யாராவது உண்டா?"

"ஒருத்தி இருக்கா. சொல்ல மாட்டா" என்றேன்.

எங்கே தங்கப் போகிறீர்கள், காப்பகத்தில் சொல்லட்டுமா என்று கேட்டார். பொழுது சாய்ந்து மஹ்ரிப் ஆவதற்குள் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அடித்து அடைத்த வீட்டுக்கா என்றார். அடைத்தவன் இப்போது உங்களிடம் இருக்கிறான், எனக்கு இன்னும் நாள் பாக்கியிருக்கிறது, அது என் மச்சானுக்கும் எனக்கும் உள்ள கணக்கு என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கூடவே ஜீப்பில் வந்தார்.

வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. எஸ்.ஐ. தட்டினார், பதில் இல்லை. நான் இரண்டு கையாலும் அடித்தேன். பிய்ந்த நகத்திலிருந்து ரத்தம் கதவில் ஒட்டியது.

"ராத்தா, திறங்க. நான் இத்தா இருக்கணும். இது என் மச்சான் வீடு. திறங்க ராத்தா."

தெருவில் ஆண்களும் பெண்களும் அவரவர் வாசலில் நின்றார்கள். அடித்து அடித்துக் கை மரத்துவிட்டது. "உங்களத் தூக்கத்தானே குனிஞ்சாரு" என்று கத்தினேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

தாழ் விலகியது. மிஸ்ரியா ராத்தா வெளியே வந்தாள். வந்த வேகத்தில் என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். மறு கன்னத்திலும் விட்டாள். எஸ்.ஐ. பிடிப்பதற்குள் என் நெஞ்சில் குத்தினாள். "எங் குடியக் கெடுத்துட்டியேட்டி, நாசமாப் போறவளே" என்று அழுதாள். நான் தடுக்கவில்லை. கை ஓய்ந்ததும் சரிந்து கிடந்த என் முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டு விட்டாள். பிறகு எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்கிடுங்க. அன்னைக்கு அடி வாங்குனது நாந்தான். தடுக்க வந்தவரு பரீது. எம் மாப்பிள்ள பாரையால அடிச்சாவ. ரெண்டு அடி. ரெண்டாவது அடிக்கும்போது அவரு கீழ கெடந்தாரு. நான் பார்த்தேன்."

தெரு முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள். சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அவளைத் தாண்டி உள்ளே போனேன். கதவு பிளந்து கிடந்த என் அறையில், புரண்டு கிடந்த கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தேன். பயமும் ஆத்திரமும் மனதில் இடமே விட்டுவைக்கவில்லை, மச்சான் போய் முப்பத்தாறு நாள் ஆகியும் அவருக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கவில்லை. அன்றைக்குத்தான் என் புருஷனுக்காக அழுதேன்.